மூன்று நிமிடத்தில் ஒரு வீதியுலா: பெரிய மேளம் இசைத்தட்டுக்குள் புகுந்த வரலாறு

கல்யாண வீட்டு வாசலில் "மேளம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், தஞ்சாவூர்ப் பக்கத்தில் அது தவிலை மட்டும் கேட்பதாகாது. நாகஸ்வரம், தவில், சுருதிக்கு ஒத்து, தாளம் நான்கும், அவற்றை வாசிப்பவர்களும் சேர்ந்ததுதான் மேளம். சதிராட்டக் குழுவுக்குச் சின்ன மேளம் என்று பேர் இருந்தது. இதற்குப் பெரிய மேளம். (நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்ற பழைய வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. வாசிப்பவர்கள் இரண்டையும் சொல்கிறார்கள்.) அந்தப் 'பெரிய' என்ற சொல்லில் ஓசையின் அளவும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கினால் நாலு வீதியிலும் கேட்க வேண்டும். தேரடிக் கூட்டம், மாட்டு வண்டிச் சத்தம், வாணவேடிக்கை எல்லாவற்றுக்கும் மேலே அது எழும்பி நிற்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கூரை இல்லாத இடத்துக்காக வடிவமைக்கப்பட்ட இசை அது.

இவ்வளவு பெரிய ஓசை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் அரக்குத் தட்டுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது? உட்கார்ந்தபோது எது வெட்டுப்பட்டது, எது தலையெடுத்தது? இதைத்தான் இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இசைத்தட்டு நாகஸ்வரத்துக்கு ஒரு முகம் கொடுத்தது, தவிலின் முகத்தை மறைத்தது.

நெல்லில் அளந்த ஓசை

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் பொறித்த புகழ்பெற்ற கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரும் வீடும் சொல்லிப் பட்டியலிடுகிறது. அதன் பின்பகுதி இசைவாணர்களுக்கு உரியது. நட்டுவம் செய்வார், வங்கியம் வாசிப்பார், உடுக்கை வாசிப்பார், கொட்டி மத்தளம் வாசிப்பார், உவச்சர் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று கணக்கு. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் வருவாயாக ஆண்டுக்கு 100 கலம் நெல். அளப்பது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால். நாகஸ்வரத்தின் தொடக்கத்தை இந்தக் கல்வெட்டில் தேடுவது வீண் வேலை. ஆனால் ஒன்று தெளிவு. இந்த மண்ணில் இசைக்கு விலை நெல்லாகத்தான் தரப்பட்டது. கோயிலுக்கு நிலம், நிலத்தில் விளைச்சல், விளைச்சலில் வாசிப்பவனுக்குப் பங்கு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்த ஏற்பாட்டின் வால் நீண்டுகொண்டே வந்தது. கோயில் மானியம், மடத்து ஆதீன வித்வான் பதவி, மிராசுதார் வீட்டுக் கல்யாணம் ஆகிய மூன்றும்தான் பெரிய மேளத்தின் வருவாய். திருவாவடுதுறை, திருமருகல், திருவீழிமிழலை, செம்பனார்கோவில், நீடாமங்கலம், மன்னார்குடி என்று மேளக்காரர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்களை வரைபடத்தில் குறித்தால், காவிரிப் பாசனத்தின் வாய்க்கால்கள்மேல் புள்ளி வைத்தது போலிருக்கும். தண்ணீர் போன இடமெல்லாம் மேளமும் போயிருக்கிறது.

கருவிகளும் இந்த மண்ணின் சரக்குதான். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறார்கள். மரம் ஆச்சா. புதிய மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமும் வேண்டும். பல பத்தாண்டு காலம் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றிய மரம். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாயில் வைக்கும் சீவாளி காவிரிக் கரை நாணலில் செய்வது. வெட்டி, பதப்படுத்தி, வேகவைத்து, காயவைத்து, நூல் சுற்றி, நுனியை நாக்குக்கு இதமாகச் சீவுவார்கள். நாகஸ்வரத்தின் கழுத்தில் தொங்கும் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து உபரிச் சீவாளிகளும் ஒரு ஊசியும் அதில் ஆடிக்கொண்டிருக்கும். வித்வான் வாசிப்புக்கு நடுவில் ஒன்றைக் கழற்றி, ஊசியால் நெம்பி, எச்சில் தொட்டு, பீ என்று ஒரு முறை ஊதிப் பார்த்து மாட்டுவார். கச்சேரிக்கு வந்தவர்கள் அதற்காகப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். கிராமபோன் காத்திருக்காது.

தவில் பலா மரம். வலக்கை விரல்களில் மாட்டும் கூடு துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் கல்லாக இறுக்கியது. இடக்கையில் பூவரசங்கழி. தோலை இழுத்துக் கட்டும் விசை மனிதத் தோளால் தாங்க முடிந்ததன் எல்லையில் இருக்கும். மிருதங்கத்தைப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் தவில் கூவல். கிட்டே உட்கார்ந்தால் காதில் விழுவதற்கு முன்பே அது நெஞ்சுக்கூட்டில் விழும்.

புனலுக்கு முன்னால் மேளம்

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பொறியாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களைப் பதிவு செய்தார். கௌஹர் ஜானின் குரல் மெழுகில் ஏறியது அப்போதுதான். அடுத்த சில ஆண்டுகளில் பதிவுக் குழுக்கள் சென்னைக்கும் வந்தன. தட்டுகளை ஜெர்மனியில் அச்சிட்டுக் கப்பலில் கொண்டுவந்த நிலை மாறி, 1908-ல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது.

அந்தக் காலப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பெரிய புனல் ஒன்றின் முன்னால் கலைஞர் உட்கார வேண்டும். ஓசை புனலுக்குள் போய் ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்கும்; தகட்டோடு சேர்ந்த ஊசி சுழலும் மெழுகில் கோடு கிழிக்கும். வீணை போன்ற மெல்லிய ஓசைக்கு அந்த ஊசி அசைய மறுத்தது. ஓங்கிய குரலும் ஊதுகுழலும் அதற்குப் பிடித்தவை. நாகஸ்வரத்தின் ஓசை அப்படிப்பட்ட புனலுக்கென்றே செய்தது போன்றது. சபாவில் உட்கார வைக்க முகம் சுளித்த கருவியை யந்திரம் விரும்பி வரவேற்றது. இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்தமானது.

தவில் கதை நேர்மாறு. பலத்த அடி விழுந்தால் ஊசி தன் பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும். இது உலகம் முழுக்க இருந்த தலைவலி. 1917-ல் அமெரிக்காவில் முதல் ஜாஸ் தட்டைப் பதித்த ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்டின் முரசுக்காரர் தன் பெரிய முரசை அடக்கி, மரக்கட்டையிலும் மணியிலும் தட்டித் திருப்திப்பட வேண்டியிருந்தது. முரசு வகையைப் புனலிலிருந்து தள்ளி வைப்பதுதான் எங்கும் வழக்கம். வீதியில் நாகஸ்வரத்துக்குச் சமமாகத் தோள் உரசி நின்ற தவிலுக்கு, பதிவு அறையில் சுவரோரம்தான் இடம் என்பது அந்தத் தொழில்நுட்பம் எழுதிய விதி.

தொடக்ககாலத்தில் இசைத்தட்டு தந்த நாகஸ்வரக்காரர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் செம்பனார்கோவில் ராமசுவாமி பிள்ளை. அவர் குடும்பத்தின் தனிச்சொத்து ரக்தி மேளம். சாகித்யம் இல்லாமல், லயக் கட்டுமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ராகமும் தவிலும் ஒன்றையொன்று துரத்தி விரிக்கும் உருப்படி அது. பாட்டில் அதற்கு இணை கிடையாது; பெரிய மேளத்துக்கே உரியது. ரக்தி வாசிப்பவர்கள் அதை மணிக்கணக்கில் பரப்புவார்கள். அதை மூன்று நிமிடத்தில் சொல்லச் சொன்னால், பந்திக்குப் போனவனுக்கு இலையில் ஒரே ஒரு பருக்கை வைத்தது போலத்தான். தட்டு வளர வளர ரக்தி தேய்ந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. செம்பனார்கோவில் சகோதரர்களான சம்பந்தமும் ராஜண்ணாவும், ராமசுவாமி பிள்ளையின் பேரர்கள், அதைக் காப்பாற்றி வைத்திருந்தது தட்டின் தயவால் அல்ல, குடும்பப் பாடத்தின் பலத்தால்.

மாறாக, கீர்த்தனைக்குத் தட்டு கச்சிதமான வீடு. பல்லவி, அனுபல்லவி, சரணம், முடிந்தது. திருவீழிமிழலை சகோதரர்களான சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் இரண்டு நாகஸ்வரங்களை ஒன்றாக இழைத்து, பாடகர் வாயில் சொல் பிரிவது போலவே கீர்த்தனைகளை வாசித்தவர்கள். நடராஜசுந்தரம் பிள்ளை 1936-ல் 'தீக்ஷித கீர்த்தன ப்ரகாசிகை' என்று தீட்சிதர் உருப்படிகளைச் சுரப்படுத்தி நூலாகவே வெளியிட்டார். வீதியில் ராகமும் ரக்தியும் ஆண்ட மேளத்தில் கீர்த்தனை இப்படித் தலையெடுத்ததில் தட்டுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

தோடியும் நீண்ட குழலும்

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. புனல் போய் மைக் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கிராமபோன் மோகம் தலைக்கேறியிருந்தது, எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் நாடகப் பாட்டுகள் டீக்கடை வரை வந்துவிட்டன. ஏ.வி. மெய்யப்பன் 1932-ல் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டதும் இந்த அலையில்தான். நாடக மேடைக்கும் தட்டுக்கும் சினிமாவுக்கும் இடையே இருந்த இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆய்வாளர் ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இந்தச் சந்தைக்குள்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இறங்கியது. 1898-ல் திருமருகலில் பிறந்தவர், இயற்பெயர் பாலசுப்பிரமணியம். திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் முதலில் வாய்ப்பாட்டு கற்றவர். பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரம். வாய்ப்பாட்டில் தொடங்கிய கை என்பதால்தானோ என்னவோ, அவர் குழலில் ராகம் பேசியது. திருவிழாவில் விடிய விடிய அவர் வாசித்த தோடியைக் கேட்டவர்கள் நூறு பேர் என்றால், கிராமபோன் பிளேட்டில் அதன் துணுக்கைக் கேட்டவர்கள் லட்சம் பேர். தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்ற சமன்பாடு பிளேட்டில் பிறந்தது. ஒரு முழு இரவின் ராகத்திலிருந்து எந்த மூன்று நிமிடத்தைத் தருவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி, கற்பனையைச் சுருக்காமல் செறிவாக்கியது. மடை திறக்கும் நேரத்தில் வாய்க்கால் முகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதே ஆண்டுகளில் கருவியும் மாறியது. பழைய திமிரி நாகஸ்வரம் குட்டையானது. நாலு, நாலரைக் கட்டை சுருதியில் அலறும். ராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாகஸ்வரத்தைக் கையிலெடுத்து இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகப் பல முறை கடைந்து பார்த்து, 1955-ல் சுத்த மத்யமம் சரியாகப் பேசும் பாரியைச் செய்து கொடுத்தார். தட்டுதான் குழலை நீட்டியது என்று யாராவது சொன்னால் அது மிகை. ஆனால் இரண்டும் ஒரே ஆசையிலிருந்து வந்தவை. நாலு வீதிக்கும் கேட்கச் செய்வதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகனுக்கு ராகத்தின் நுட்பம் விளங்கச் செய்ய வேண்டும் என்ற ஆசை அது. மைக் வந்தபின் அலறத் தேவையில்லை.

அவருடைய மற்ற பிடிவாதங்களும் இதோடு சேர்ந்தவையே. நின்றுகொண்டே வாசிக்க மாட்டேன், மேடை வேண்டும். வெற்றுடம்போடு வர மாட்டேன், சட்டை உண்டு. ஒத்துக்குப் பதில் தம்புரா. தலையில் கிராப்பு. இசை ஆய்வாளர் யோஷிதாகா டெராடா இதையெல்லாம் சாதிப் போட்டியின் பின்னணியில் வைத்து 2000-ல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் வந்த ஆகச் சிறந்த எழுத்துகளில் ஒன்று. இசை வேளாளர் கருவியைச் சபையின் தொடக்க மங்கலத்துக்கு மட்டும் அழைத்துவிட்டு, கச்சேரி நேரத்தில் வெளியே நிறுத்திய காலம் அது. 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' படத்தில் ராஜரத்தினம் பிள்ளை கதாநாயகனாகவே நடித்தார். நாகஸ்வரக்காரர் ஒருவர் சுவரொட்டியில் நாயகனாக நின்றதற்கு முன்னால், அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனவற்றில் பிளேட்டுக்குப் பெரிய பங்கு.

1939 மே மாதம் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் திறந்தது. மூன்று நிமிடம் அரை மணியாக நீண்டது. 1956 டிசம்பரில் அவர் மறைந்தபின் நமக்கு மிஞ்சிய விரிவான வாசிப்புகள் பெரும்பாலும் வானொலி தந்தவை. அதே 1956-ல்தான் சென்னை மியூசிக் அகாடமி திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி அளித்தது.

தவில் எங்கே?

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) தவிலுக்கு ராஜரத்தினம் பிள்ளை போன்றவர் என்று சொன்னால், பழைய ரசிகர்கள் என்னைத் திருத்துவார்கள்: ராஜரத்தினம் நாகஸ்வரத்துக்கு மீனாட்சிசுந்தரம் போன்றவர் என்று. அவர் பெயரை இன்று கல்லூரி மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர் மகன் பி.எம். சுந்தரம் 'மங்கல இசை மன்னர்கள்' நூலில் நாகஸ்வரக்காரர்களோடு தவில்காரர்களையும் சமமாக வைத்து வாழ்க்கைக் குறிப்பு எழுதியிராவிட்டால் பல பெயர்கள் மண்ணோடு போயிருக்கும்.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜியின் நாகஸ்வரத்துக்கு ஒலி கொடுத்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இதை எல்லாரும் சொல்வார்கள். தவில் என்றதும் நினைவுக்கு வருவது யார்? முத்துராக்காக நடித்த டி.எஸ். பாலையாவின் கன்னமும் கண்ணும்தான். வாசித்த கை பார்வையாளர் மனத்தில் பதியவே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தஞ்சைத் தவில்காரர்களையே வாய் பிளக்க வைத்த தெட்சணாமூர்த்தி (1933–1975) பற்றி அம்ஷன் குமார் 2015-ல் ஆவணப்படம் எடுத்தார். கேட்டவர்களின் பிரமிப்பு அதில் மலைபோல் குவிந்திருக்கிறது.

தவிலுக்கு விடிவு கேசட்டோடு வந்தது. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியம் தவிலும் ஒரே மேடையில் உட்கார்ந்தது வெறும் புதுமை மோகம் அல்ல. மைக் இல்லாவிட்டால் வயலின் தவிலின் அடியில் காணாமல் போயிருக்கும். மெல்லிய கருவியைத் தூக்கி நிறுத்த ஒலிபெருக்கி வந்தபின்தான் பலத்த கருவிக்கு அரங்கில் இடம் கிடைத்தது. அரித்துவாரமங்கலம் பழனிவேல் அந்த வழியை இன்னும் அகலமாக்கினார். ஒரு மணி நேரக் கேசட்டில் தனி ஆவர்த்தனத்துக்கு இடம் இருந்தது. அதைக் கேட்டுத்தான் என் தலைமுறை தவிலின் சொற்கட்டை முதன்முதலாகத் தனியே காதில் வாங்கியது.

ஓசையைக் குறையாக எண்ணாமல் அதையே இசையாக்குவது மேலை நாட்டில் பிற்காலத்துக் கண்டுபிடிப்பு. தில்லானா மோகனாம்பாள் வந்த அதே 1968-ல் நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு பதினேழு நிமிடத்துக்கு மேல் கிதாரை அலற விட்டு ஒரு பாட்டைத் தட்டில் ஏற்றியது. நாய்ஸ் ராக் என்று பின்னால் பெயர் பெற்ற வகைக்கு அது ஒரு வேர். செம்பனார்கோவில் ரக்திக்காரருக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. "பதினேழே நிமிடமா?" என்று கேட்டிருப்பார்.

இரைச்சல் எது, இசை எது என்று தீர்ப்புச் சொன்னது காது மட்டும் அல்ல என்பதற்கு இதே டெல்டாவில் வேறொரு சாட்சி உண்டு. கோயில் வீதியில் தவில் மங்கலம். சேரியில் காய்ச்சி முறுக்கேற்றிய தப்பு சாவுக்கு மட்டும். இரண்டும் தோல், இரண்டும் பேரோசை. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முறை மேடையேறி, கானாவையும் ராக் கிதாரையும் சாவு வீட்டுத் தோல் கருவிகளையும் ஒன்றாக முழங்கியபோது கேட்டவர்கள் திரும்பிப் பார்த்ததற்கு அந்தப் பழைய பாகுபாடே காரணம்.

இன்று டெல்டாவின் சிறிய கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் தடதடவென்று அடித்து, பொத்தானை அணைத்ததும் நிற்கின்றன. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு மைக்செட்காரர் பென் டிரைவில் கெட்டிமேளம் வைத்திருக்கிறார். ஒரு வேலி, 100 கலம் என்ற கணக்கு எங்கோ தொலைந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தா வைத்துப் போன டிரங்குப் பெட்டியிலோ நாகஸ்வர பிளேட்டுகள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வாசித்த தவில்காரர் இன்னார் என்று வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால், அதை ஒரு தாளில் குறித்து உறைக்குள் வையுங்கள். தூசியைக் காய்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு கரைந்து, கோட்டோடு தோடியும் போய்விடும்.